மீட்டரில் மைனஸ் 9, பாக்ஸில் மைனஸ் 26: எதை நம்புவது?

கே.வி.குப்பம் பக்கத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள். கேபிள் டிவியும் இன்டர்நெட்டும் ஒரே ஃபைபரில் வருகின்றன. 200 எம்பிபிஎஸ் பிளான். ஐப்பசி மழையில் லைன் போனபோது ஆள் வந்து, வீட்டில் ஃபைபர் வந்து முடியும் இன்டர்நெட் பாக்ஸுக்குப் போகும் சின்ன ஒயரை மாற்றிக் கொடுத்தார். அதிலிருந்து ஒரு நாளைக்கு நாலைந்து முறை கட் ஆகிறது. ராத்திரி எட்டு மணிக்கு மேல் வேகம் 30-ஐத் தாண்டுவதில்லை. லைன்மேன் மீட்டரைச் சொருகிப் பார்த்து, "மைனஸ் 9 சார், லைட் சூப்பரா இருக்கு, உங்க ரூட்டர்தான் போச்சு" என்கிறார். பாக்ஸின் செட்டிங்ஸ் பக்கமோ மைனஸ் 26.4 என்கிறது. இரண்டுமே வந்து சேரும் ஒளியின் பலத்தைச் சொல்லும் டெசிபல் கணக்கு, மைனஸுக்குப் பின்னால் எண் பெரிதாகப் பெரிதாக ஒளி குறைவு. புது ரூட்டர் வாங்குவதா, கம்பெனியையே மாற்றுவதா என்று கேட்கிறீர்கள். அதற்கு முன்னால் தெரியவேண்டியது, இந்த இரண்டு எண்ணில் எதை நம்புவது என்பது. அது தெரிந்தால் கட் ஆவதற்கான பதில் பாதி வந்துவிடும். ராத்திரி வேகம் குறைவது பெரும்பாலும் வேறு கதை. இரண்டையும் ஒரே நோயாக நினைத்து மருந்து வாங்கினால் காசுதான் போகும்.

இரண்டு எண்ணும் பொய் இல்லை. அளக்கிற பொருள்தான் வேறு. உங்கள் வீட்டுக்கு வரும் ஒற்றை இழையில் மூன்று ஒளிகள் ஓடுகின்றன. இன்டர்நெட் உங்களுக்கு வருவது 1490 நானோமீட்டரில், உங்களிடமிருந்து போவது 1310-இல், டிவி சிக்னல் 1550-இல். லைன்மேன்கள் பலர் வைத்திருக்கும் சாதாரண பவர் மீட்டருக்கு இந்த வித்தியாசம் தெரியாது. முனையில் வந்து விழும் மொத்த வெளிச்சத்தையும் கூட்டி ஒரே எண்ணாகக் காட்டும். "1490-னு பட்டன் இருக்கே" என்பார்கள். அந்தப் பட்டன் மீட்டரின் கணக்கைத் திருத்துகிறதே தவிர, மற்ற ஒளியைத் தடுப்பதில்லை. டிவி ரிசீவருக்கு நிறைய ஒளி வேண்டும் என்பதால் கேபிள் ஆபீஸில் டிவி ஒளியை ஆம்ப்ளிஃபையர் வைத்து ஏற்றி அனுப்புவார்கள். ஆக, மீட்டர் காட்டிய மைனஸ் 9 ஏறக்குறைய முழுவதும் டிவியின் ஒளி. மைனஸ் 9-க்கும் மைனஸ் 26-க்கும் இடையே 17 டெசிபல், அதாவது சுமார் 50 மடங்கு. கல்யாண வீட்டு ஃபோகஸ் லைட் பக்கத்தில் ஏற்றி வைத்த அகல் அணைந்தால் யாருக்குத் தெரியும்? உங்கள் இன்டர்நெட் ஒளி அடியோடு நின்றுபோனாலும் அந்த மீட்டர் மைனஸ் 9 என்றேதான் சொல்லும்.

பாக்ஸுக்குள் ரிசீவருக்கு முன்னால் 1490-ஐ மட்டும் உள்ளே விடும் ஃபில்டர் இருக்கிறது. எனவே இன்டர்நெட்டைப் பொறுத்தவரை அது காட்டுவதைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். அதுவும் ஆய்வுக்கூடக் கருவி கிடையாது. இரண்டு மூன்று டெசிபல் முன்னே பின்னே இருக்கலாம். ஆனால் பதினேழு டெசிபல் தவறாது. சந்தேகம் இருந்தால் லைன்மேனிடம் 'பான் பவர் மீட்டர்' கொண்டுவரச் சொல்லுங்கள். அது 1490-ஐயும் 1550-ஐயும் தனித்தனி வரியில் காட்டும். சாதாரண மீட்டரோடு வந்து "லைட் சூப்பர்" என்பவரோடு வாக்குவாதம் வேண்டாம். அவர் கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறார்.

மைனஸ் 26.4 என்றால் என்ன நிலைமை? ஜிபான் என்பது ஒரே ஃபைபரைப் பல வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் முறை. வழக்கமான ஜிபான் பாக்ஸ் ஒழுங்காக வேலை செய்ய உத்தரவாதமான கடைசி எல்லை மைனஸ் 27. சில மாடல்கள் இன்னும் ஒரு டெசிபல் தாங்கும். மைனஸ் 15-க்கும் 24-க்கும் இடையில் இருந்தால் கவலை இல்லை. மைனஸ் 8-ஐ விட ஒளி கூடினாலும் கெடுதல்தான், ரிசீவர் கூசிப்போகும். நீங்கள் எல்லைக்கோட்டிலிருந்து அரை டெசிபல் தள்ளி நிற்கிறீர்கள். காற்றில் கேபிள் ஆடினால் போதும், கோட்டைத் தாண்டிவிடும். ஒளி வரவில்லை என்று காட்டும் சிவப்பு எல்ஓஎஸ் விளக்கு மின்னிவிட்டு, பாக்ஸ் மறுபடி பதிவாகி, பச்சை வருவதற்குள் ஒன்றிரண்டு நிமிடம் போய்விடும். நாளைக்கு நாலைந்து முறை கட் ஆவதாகச் சொல்வதோடு இது கச்சிதமாகப் பொருந்துகிறது.

எவ்வளவு வந்திருக்க வேண்டும் என்று ஒரு தோராயக் கணக்குப் போடலாம். கேபிள் ஆபீஸில் இருந்து இன்டர்நெட் ஒளியை அனுப்பும் கருவியான ஓஎல்டி பிளஸ் 4 விடுகிறது என்று வையுங்கள். வழியில் எட்டாகப் பிரிக்கும் ஸ்பிளிட்டர் இரண்டு கட்டமாக இருந்தால் ஒன்றுக்கு 10.5 வீதம் 21 போகும். ஐந்து கிலோமீட்டர் கண்ணாடி இழையில் ஒன்றரை. ஜாயின்ட், கனெக்டர் எல்லாம் சேர்த்து இரண்டு. மொத்தம் 24.5 கழித்தால் மைனஸ் 20.5 வர வேண்டும். உங்களுக்கு வருவது அதற்கும் ஆறு டெசிபல் கீழே. மூன்று டெசிபல் போனால் ஒளி பாதி, ஆறு போனால் கால். முக்கால் பங்கு எங்கேயோ ஒழுகுகிறது. இதில் நிச்சயமில்லாத பகுதியையும் சொல்லிவிடுகிறேன்: கிராமப் பக்கம் சில ஆபரேட்டர்கள் ஒரே கேபிளில் வழிநெடுகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிள்ளி எடுத்துக்கொண்டே போவார்கள். அப்படி இழுத்த லைனின் கடைசி வீடு உங்களுடையது என்றால் மழைக்கு முன்பே மைனஸ் 24, 25 என்றுதான் இருந்திருக்கும். இங்கே உட்கார்ந்துகொண்டு அதைச் சொல்ல முடியாது.

உங்களால் சொல்ல முடியும், மீட்டரே இல்லாமல். உங்கள் வீட்டுக்கு எந்தக் கம்பத்துப் பெட்டியிலிருந்து ஒயர் வருகிறதோ, அதே பெட்டியிலிருந்து போகும் பக்கத்து வீட்டுக்குப் போய் அவர்கள் பாக்ஸில் என்ன காட்டுகிறது என்று பாருங்கள். பாக்ஸின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் முகவரியும் பாஸ்வேர்டும் இருக்கும். பெரும்பாலும் 192.168.1.1, இல்லையென்றால் 192.168.100.1. உள்ளே 'ஆப்டிகல்' அல்லது 'பான்' என்ற பக்கத்தில் 'ஆர்எக்ஸ் பவர்' என்று போட்டிருக்கும், வந்து சேரும் ஒளி அதுதான். அவர்களுக்கு மைனஸ் 20, உங்களுக்கு மைனஸ் 26 என்றால் கோளாறு கம்பத்துப் பெட்டிக்கும் உங்கள் பாக்ஸுக்கும் நடுவில். அவர்களுக்கும் மைனஸ் 26 என்றால் கோளாறு மேலே. உங்கள் வீட்டில் எதை மாற்றினாலும் பலன் இல்லை. மேலே என்றால் இரண்டு வீட்டுக்காரரும் சேர்ந்து புகார் கொடுப்பது நல்லது. ஒற்றை வீட்டுப் புகாருக்கு வருகிறவர் வீட்டுக்குள் பார்த்துவிட்டுத்தான் போவார்.

உங்கள் கதையில் என் சந்தேகம் முதலில் போவது அந்த மாற்றிய சின்ன ஒயர் மேல், அதாவது பேட்ச் கார்டு மேல். அதன் முனையின் நிறத்தைப் பாருங்கள். பச்சை முனையின் கண்ணாடி 8 டிகிரி சாய்வாகத் தேய்க்கப்பட்டது. நீல முனை நேராகத் தேய்க்கப்பட்டது. டிவியும் வரும் லைனில் பொதுவாகப் பச்சைதான் இருக்கும், ஒளி திரும்பி எதிரொலித்தால் டிவி சிக்னல் கெடும் என்பதற்காக. பச்சை சாக்கெட்டில் நீல முனையைச் சொருகினால் கச்சிதமாக உள்ளே போய்விடும், 'க்ளிக்' என்று சத்தமும் வரும். ஆனால் இரண்டு கண்ணாடியும் ஒன்றையொன்று தொடாமல் நடுவில் ஆப்பு போல் இடைவெளி நிற்கும். அந்த ஒரு இடத்திலேயே மூன்று நாலு டெசிபல் போய்விடும். பலமாகச் சொருகினால் முனையே கீறிப்போகலாம். அவசரத்தில், மழையில், பையில் இருந்த ஒயரை எடுத்து மாட்டிவிட்டுப் போவது நடக்கிற விஷயம். பாக்ஸின் சாக்கெட் என்ன நிறமோ அந்த முனையும் அதே நிறம், சுவர்ப் பெட்டியின் சாக்கெட் என்ன நிறமோ அந்த முனையும் அதே நிறம் என்று இருக்க வேண்டும். ஒரு முனை பச்சை, மறுமுனை நீலம் என்றும் பேட்ச் கார்டு கிடைக்கிறது. ஆம்பூரில் ஒரு பிளேட் மட்டன் பிரியாணிக்குக் கொடுக்கும் காசுக்குள் அடங்கும் சாமான் இது.

நிறம் பொருந்தியிருந்தால் அடுத்தது அழுக்கு. ஒளி ஓடும் பாதை 9 மைக்ரான்தான், தலைமயிரில் எட்டில் ஒரு பங்கு. அதன் வாயில் ஒரு தூசி உட்கார்ந்தால் போதும். சட்டையில் துடைப்பதும், வாயால் ஊதுவதும் இங்கே எல்லோரும் செய்கிற தப்பு. ஊதும்போது எச்சில் ஈரம் படிந்து காய்ந்து திட்டாகிவிடும். லைன்மேனிடம் பேனா மாதிரி கிளீனர் இருக்கும். ஒருமுறை அழுத்தினால் உள்ளே நூல் சுழன்று துடைத்துவிடும். இழையின் முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்காதீர்கள். இந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, தெரியவில்லை என்பதற்காக உள்ளே போகாமல் இருக்காது. டிவிக்காக ஏற்றி அனுப்பிய ஒளியும் அதில் இருக்கிறது.

மூன்றாவது சந்தேகம், ஒயரின் மடிப்பு. வீட்டுக்குள் வரும் வெள்ளை அல்லது கறுப்பு டிராப் கேபிளைக் கதவுச் சட்டத்தின் மூலையில் தொண்ணூறு டிகிரிக்கு ஒடித்து ஆணி கிளிப் அடித்திருப்பார்கள், அல்லது ஜன்னல் கதவின் இடுக்கில் விட்டிருப்பார்கள், அல்லது மீதி ஒயரைச் சுருட்டி டேக் போட்டு இறுக்கியிருப்பார்கள். பழைய வகை இழைக்கு வளைவின் ஆரம் 30 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. வளைவைத் தாங்கும் புது வகைக்கு 7.5 வரை போகலாம். எந்த வகை என்று பார்த்தால் தெரியாது என்பதால், காபி டம்ளரின் வாயைவிடச் சின்ன வளையம் எங்கும் இருக்கக்கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். டேக்கை வெட்டிவிட்டு வளையத்தைப் பெரிதாக்கி, செட்டிங்ஸ் பக்கத்தை ரெஃப்ரெஷ் செய்து எண் ஏறுகிறதா என்று பார்க்கலாம். ஜன்னலைத் திறந்து ஒருமுறை, மூடி ஒருமுறை பார்க்கலாம்.

மடிப்பா, அழுக்கா என்று ஆபீஸில் உட்கார்ந்தபடியே பிரித்துச் சொல்ல ஒரு வழி உண்டு. கேட்டால் செய்வார்கள், கேட்காவிட்டால் மாட்டார்கள். மடிப்பில் 1490, 1550 போன்ற நீண்ட அலை அதிகம் ஒழுகும், 1310 போன்ற குட்டை அலை குறைவாக ஒழுகும். அழுக்கும் மோசமான கனெக்டரும் எல்லா அலையையும் ஏறக்குறைய ஒரே மாதிரி தின்னும். ஓஎல்டி விடும் ஒளியிலிருந்து உங்கள் பாக்ஸுக்கு வருவதைக் கழித்தால் இறங்குமுக இழப்பு. உங்கள் பாக்ஸ் விடுவதிலிருந்து ஓஎல்டிக்குப் போய்ச் சேர்வதைக் கழித்தால் ஏறுமுக இழப்பு. இந்த நாலு எண்ணும் அவர்கள் ஸ்க்ரீனிலேயே இருக்கும். நல்ல லைனில் 1310-இல் போகும் ஏறுமுகத்தில்தான் இழப்பு சற்றுக் கூடுதலாக இருக்கும். தலைகீழாக, இறங்குமுகத்தில் இரண்டு மூன்று டெசிபல் கூடுதல் என்றால் எங்கோ இழை மடிந்திருக்கிறது. ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன், மடிப்புதான் என்றால் 1550-இல் வரும் டிவிதான் முதலில் அடிபட வேண்டும். மழை நேரத்தில் உங்கள் டிவி படமும் கட்டம் கட்டமாக உடைகிறதா என்று கவனியுங்கள். உடைந்தால் கோளாறு இரண்டுக்கும் பொதுவான பாதையில் இருக்கிறது. உடையவில்லை என்பதை வைத்து மட்டும் எதையும் முடிவு கட்டாதீர்கள். டிஜிட்டல் படம் கடைசிவரை நன்றாக இருந்துவிட்டுத் திடீரென்றுதான் விழும்.

மழைக்கும் கண்ணாடிக்கும் நேரடிப் பகை இல்லை. தண்ணீர் கெடுப்பது இணைப்புகளை. கம்பத்துப் பெட்டியின் ரப்பர் காய்ந்து வெடித்திருந்தால் உள்ளே ஈரம் இறங்கி, கனெக்டர் முனைகளில் படியும். உங்கள் ஒயரின் முனையில் மெஷின் வைத்து உருக்கி ஒட்டாமல், அழுத்தி மாட்டும் ஃபாஸ்ட் கனெக்டர் போட்டிருந்தால், உள்ளே இரண்டு கண்ணாடிக்கும் நடுவில் ஒரு ஜெல் இருக்கும். மொட்டை மாடிச் சுவரில் வெயில் படும் இடத்தில், அதுவும் அக்னி நட்சத்திரத்தில் 40 டிகிரியைத் தாண்டும் நம் ஊரில், அந்த ஜெல் நாளாக நாளாக உலர்ந்து இழை லேசாக நழுவும். "போன வருஷம் நல்லா இருந்துச்சே" என்று சொல்லும் லைன்களில் பல இப்படித்தான் மெல்லச் செத்தவை. லைன்மேன் வந்தால் அந்த முனையை வெட்டிவிட்டு மெஷின் ஸ்பிளைஸ் போடச் சொல்லுங்கள். ஒரு நல்ல ஸ்பிளைஸில் 0.1 டெசிபல்கூடப் போகாது. இது தவிர, புளியமரத்துக் கிளையில் உரசும் ஒயர், அணில் கடித்தது, வைக்கோல் ஏற்றிய டிராக்டர் இழுத்துவிட்டுப் போனது, மாசியில் மயானக் கொள்ளைத் தேருக்காகத் தூக்கிக் கட்டி அப்படியே விட்டது என்று வெளியில் ஆயிரம் உண்டு. லைன்மேன் சிவப்பு லேசர் பேனாவைப் பொருத்தி இருட்டில் பார்த்தால், அடிபட்ட இடத்தில் சிவப்பாகக் கசியும். கறுப்பு உறைக்குள் இருந்தால் தெரியாமலும் போகும்.

இத்தனையும் ஒளிதான் காரணம் என்ற அனுமானத்தில். அது சரியா என்பதை ஒரே ஒரு விஷயத்தை வைத்துச் சோதித்துக்கொள்ளலாம். அடுத்த முறை கட் ஆகித் திரும்பியதும் செட்டிங்ஸ் பக்கத்தில் 'அப்டைம்', அதாவது பாக்ஸ் அணையாமல் ஓடிய நேரம், பாருங்கள். பாக்ஸே அணைந்து எழுந்திருந்தால் அது இரண்டு மூன்று நிமிடம் என்று காட்டும். அப்போது குற்றவாளி ஒளி இல்லை, அடாப்டரோ சூடோதான். 12 வோல்ட் அடாப்டர்கள் ஓரிரு வருடத்தில் உள்ளே கெபாசிட்டர் உப்பி, சும்மா இருக்கும்போது சரியாகவும் லோடு ஏறும்போது தடுமாறியும் நடிக்கும். பாக்ஸின் அடியில் எழுதியிருக்கும் வோல்ட்டுக்குச் சமமாகவும் ஆம்பியருக்குக் குறையாமலும் வேறொரு அடாப்டரை மாட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். பரண் மேல், காங்கிரீட் கூரைக்கு ஒட்டி பாக்ஸை வைத்திருந்தால் கீழே இறக்குங்கள். இவற்றில் பெரும்பாலானவை 40 டிகிரிச் சூழலுக்குத்தான் செய்யப்பட்டவை, மே மாதப் பரண் அதைத் தாண்டும். அப்டைம் பல நாள் என்று ஓடிக்கொண்டே இருந்து, சிவப்பு விளக்கு மட்டும் வந்து போனால் ஒளிதான். இரண்டும் இல்லாமல், பான் விளக்கு பச்சையாகவே நின்று இன்டர்நெட் விளக்கு மட்டும் அணைந்தால் கோளாறு ஆபீஸின் லாகின் சர்வர் பக்கம்.

இனி ராத்திரி வேகம். ஒளி பலவீனமாக இருந்தால் தரவு பிழையாகி மறுபடி மறுபடி அனுப்ப வேண்டிவரும், அதனாலும் வேகம் குறையும். ஆனால் அந்தக் குறைவு விடிகாலையிலும் இருக்கும். எட்டு மணிக்கு மேல் மட்டும் என்றால் ஒன்று பக்கத்து வீட்டு வைஃபைகளின் நெரிசல், இல்லை ஆபரேட்டரின் மேல் லைனில் நெரிசல். இதைப் பிரிக்க ஒரே வழி, லேப்டாப்பை லேன் கேபிளால் பாக்ஸில் சொருகி, கோழி கூவும் நேரத்தில் ஒருமுறை, ராத்திரி ஒன்பதுக்கு ஒருமுறை, அதே சென்னை சர்வரைத் தேர்ந்தெடுத்து அளப்பது. அளக்கும்போது வீட்டில் வேறு யாரும் எதையும் ஓட்டக்கூடாது. போனில் அளந்ததை வைத்து யாரோடும் சண்டைக்குப் போகாதீர்கள்.

கேபிளில் அளக்கும்போது எண் 94, 95 என்று ஆணி அடித்தாற்போல் நின்றால் அதற்கு வேறு காரணம்: இணைப்பு 100-க்கு விழுந்திருக்கிறது. கிகாபிட் ஓட லேன் கேபிளின் எட்டுக் கம்பியும் வேண்டும், 100 ஓட நாலு போதும். கிளிப்பில் ஒரு கம்பி விட்டுப்போனாலும் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். சில பாக்ஸ்களில் முதல் லேன் போர்ட் மட்டும்தான் கிகாபிட், மற்றதெல்லாம் 100. டவுன்லோடில் 'எம்பி' என்று காட்டுவதை எம்பிபிஎஸ் ஆக்க எட்டால் பெருக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

காலையிலும் ராத்திரியிலும் கேபிளில் 190 வந்து, போனில் மட்டும் ராத்திரி 30 என்றால் அது வைஃபை. உங்கள் போன் 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒட்டியிருக்கிறது என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம். அந்த அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாத சானல்கள் மூன்றுதான், 1, 6, 11. தெருவில் சுவரோடு சுவர் ஒட்டிய பத்து வீட்டு ரூட்டர்களும் அந்த மூன்றுக்குள் முட்டிக்கொள்கின்றன. சாயங்காலம் எல்லோரும் வீட்டுக்கு வந்ததும் 50 வந்த இடத்தில் 20, 30 வரும். பாக்ஸில் 5 கிகாஹெர்ட்ஸ் இருந்தால் அதற்குத் தனிப் பெயர் வைத்து போனை அதில் மாட்டுங்கள். அதே அறையில் 200 முழுதாக வரும். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் ஒன்றைத் தாண்டும், இரண்டாவதில் தள்ளாடும், காங்கிரீட் தளத்தைத் தாண்டி மாடிக்கு உருப்படியாகப் போகாது. பாக்ஸ் இரும்பு பீரோவின் பின்னால் இருந்தால் அதை முதலில் வெளியே எடுங்கள். பாக்ஸில் 2.4 மட்டும்தான் என்றால், அந்த ஒரு நிலையில் மட்டும், புது ரூட்டர் வாங்குவது நியாயமான செலவு.

கேபிளிலேயே காலையில் 190, ராத்திரி 30 என்றால் ரூட்டரைத் தொடாதீர்கள். ஒரு ஜிபான் போர்ட்டில் இறங்குமுகம் 2.5 கிகாபிட், அதை 32 அல்லது 64 வீடுகள் பங்கிடுகின்றன. எல்லோரும் ஒரே நேரத்தில் 4கே படம் பார்த்தாலும் வீட்டுக்கு 25 வீதம் 64-க்கு 1.6 கிகாபிட்தான், அடங்கிவிடும். ஜிபானுக்குப் பதில் ஈபான் என்ற வேறு வகை என்றால் இறங்குமுகம் ஒரு கிகாபிட்தான், அங்கே கொஞ்சம் நெருக்கும். பெரும்பாலும் இடிப்பது அதற்கும் மேலே: சில நூறு வீடுகளைச் சேர்த்துவிட்டு மேல் கம்பெனியிடம் ஒரு கிகாபிட் மட்டும் வாங்கி வைத்திருக்கும் சின்ன ஆபரேட்டர்களிடம். இதற்கு பிங், அதாவது ஒரு சின்னச் செய்தி சர்வருக்குப் போய்த் திரும்ப ஆகும் நேரம், ஒரு நல்ல சாட்சி. கே.வி.குப்பத்திலிருந்து சென்னை சுமார் 150 கிலோமீட்டர். கண்ணாடியில் ஒளி வினாடிக்கு 2 லட்சம் கிலோமீட்டர் ஓடுவதால் போய்வர இரண்டு மில்லி செகண்டுகூட ஆகாது. வழியில் இருக்கும் கருவிகளையும் சேர்த்தால் 5 முதல் 15 வரை வரலாம். காலையில் 8 இருந்து, நீங்கள் எதையும் ஓட்டாதபோதே ராத்திரி 60, 80 என்று ஏறினால் எங்கோ வரிசை கட்டி நிற்கிறது. 192.168.1.1-க்கும் பிங் போட்டுப் பாருங்கள். அது கேபிளில் ஒரு மில்லி செகண்டுக்குள் நின்றால் வரிசை உங்கள் வீட்டுக்குள் இல்லை.

கம்பெனியை மாற்றுவதைக் கடைசியில் வையுங்கள். ஒரே கம்பத்தில் தொங்கும் இரண்டு பெயர்களுக்குப் பின்னால் சில ஊர்களில் ஒரே ஆபரேட்டர், ஒரே மேல் லைன். மாற்றுவதானால், நீங்கள் போகப்போகும் கம்பெனியின் இணைப்பு வைத்திருக்கும் தெருக்காரர் வீட்டில் ராத்திரி ஒன்பது மணிக்குக் கேபிளில் அளந்துபார்த்துவிட்டு மாறுங்கள். இப்போதைய கம்பெனியிடம் போனில் திட்டுவதைவிட, தேதி, நேரம், ஆர்எக்ஸ் எண், காலை மாலை வேகம் நாலையும் ஒரு வாரம் குறித்து, புகார் எண் வாங்கி, அதோடு இணைத்து அனுப்புவது வேலை செய்யும். தீரவில்லை என்றால் அதே கம்பெனியின் மேல்முறையீட்டுப் பிரிவுக்கு அந்தப் புகார் எண்ணை வைத்து எழுதலாம். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் தனி ஆளின் புகாரை நேரடியாக விசாரிப்பதில்லை. பிளானில் 'அன்லிமிடெட்' என்று போட்டிருந்தாலும் மாதக் கடைசியில் மட்டும் வேகம் விழுந்தால் ஜிபி வரம்பைத் தாண்டினீர்களா என்று பாருங்கள். பல பிளான்களில் 3300 ஜிபிக்கு மேல் குறைத்துவிடுவார்கள்.

இன்று சாயங்காலமே செய்யக்கூடியது: பேட்ச் கார்டின் நிறம், பக்கத்து வீட்டு எண், டேக் போட்டு இறுக்கிய சுருள். இந்த மூன்றுக்கும் செலவே இல்லை. சரியான பிறகு பாக்ஸ் காட்டும் எண்ணைத் தேதியோடு ஒரு சீட்டில் எழுதி அதன் முதுகிலேயே ஒட்டிவையுங்கள். மைனஸ் 20.8 என்று எழுதியிருந்து, அடுத்த ஆவணியில் மைனஸ் 23 காட்டினால், ஐப்பசி மழைக்கு முன்பே ஆளைக் கூப்பிட்டு முனையை மாற்றிவிடலாம்.